கை நீட்டாத கிரேபில்

பேஸ்பால் மைதானத்தில், முதல் பேஸ் பக்கத்துச் சுண்ணாம்புக் கோட்டுக்குச் சற்று முன்னால் வெண்டல் கிரேபிலின் நடை சுருங்குகிறது. இடது காலைத் தூக்கிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைக்கிறார். சுண்ணாம்பில் ஒரு பொடிகூடக் கலைவதில்லை. அதன்பின் பழைய நடை. பின்பாக்கெட்டுகளில் இரண்டு கைகளையும் செருகிக்கொண்டு, கடைக்கு ரொட்டி வாங்கப் போகிறவரைப் போல, பந்து வீசுபவன் நிற்கும் மேட்டை நோக்கிப் போகிறார்.

"யோவ் கிரேபில்! நடந்து போறியா, இல்ல வேர் விட்டு நிக்கிறியா? கடைசி பஸ்ஸு போயிடும்யா!"

வீரர்கள் அமரும் பள்ளத்துக்கு மேல் மூன்றாவது வரிசையிலிருந்து வருகிறது மெர்ல் ஷூப்பின் குரல். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பிரெஸ்லர் நாரைகள் அணி சொந்த ஊரில் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து மேனேஜர் கிரேபிலைத் திட்டுவதற்கென்றே சீசன் டிக்கெட் வாங்குகிறார். ஷூப்புக்கு நெஞ்சில் அறுவை நடந்தபோது கிரேபில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலருகே உட்கார்ந்து, "இன்னிக்கு ஆட்டம் இல்ல. இருந்தாலும் பாக்கி வைக்காத, திட்டிடு" என்றாராம். ஷூப் இதைச் சொல்லும்போதெல்லாம் மூக்கைச் சிந்துவார். அடுத்த ஆட்டத்தில் இன்னும் உரக்கத் திட்டுவார்.

மேட்டை அடைந்ததும் கிரேபில் செய்வது வேறு எந்த மேனேஜரும் செய்யாதது. மற்றவர்கள் போகும்போதே கையை நீட்டிக்கொண்டு போவார்கள். பந்தைப் பிடுங்கி அடுத்தவனிடம் கொடுப்பார்கள். மாற்றப்படுகிறவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடுவான். கிரேபில் கை நீட்டுவதில்லை. கைகள் பாக்கெட்டிலேயே இருக்கும். ஆற்றில் இன்றைக்கு மீன் கடிக்கிறதா என்பது போல ஏதாவது கேட்பார். பிறகு வாயில் இருக்கும் சூரியகாந்தி விதையைக் கடித்துக்கொண்டு சும்மா நிற்பார். கொஞ்ச நேரத்தில் பந்து வீசுபவனே பந்தை அவரிடம் நீட்டுவான்.

"நான் வாங்கினா, நான் புடுங்கிக்கிட்டதா ஆகும். அவனே குடுத்தா அவன் வேலைய முடிச்சதா ஆகும். பந்து ஒண்ணுதான். வீட்டுக்குப் போய்ப் படுக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்" என்பார்.

ஒருமுறை ஒரு டெக்சஸ்காரன் பந்தைக் கொடுக்கவே மாட்டேன் என்று நின்றுவிட்டான். நடுவர் கோபமாக மேட்டுக்கு வந்தார். "கொஞ்சம் இருங்க. தம்பி யோசிச்சிட்டிருக்காரு" என்றார் கிரேபில். நடுவரும் நின்றார். அரங்கமே நின்றது. கடைசியில் பையன் பந்தைக் கொடுத்துவிட்டு அழுதான். அவன் இப்போது அமரில்லோவில் பல் டாக்டர். கிறிஸ்துமஸுக்குக் கிரேபிலுக்குப் பெட்டி பெட்டியாகத் திராட்சைப்பழம் அனுப்புகிறான்.

நாடீன் இதையெல்லாம் அம்மாவின் இருக்கையிலிருந்து பார்க்கிறாள். பள்ளத்தின் கூரைக்கு நேர் பின்னால், கம்பித் தடுப்பை ஒட்டிய முதல் இருக்கை. வெண்டலும் ஃபேயும் பெற்ற ஒரே பெண் அவள். மாநிலத்தின் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். கயிற்றில் தொங்கியபடி இரும்புச் சட்டங்களைச் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பது வேலை. ஃபேய் பிப்ரவரியில் இறந்தாள். அடக்கம் முடிந்த மறுநாள் காலை அப்பாவை வீட்டில் காணவில்லை. நாடீன் மைதானத்துக்கு வண்டியை விட்டாள். அரங்கம் முழுக்கப் பனி மூடிக் கிடந்தது. ஒரே ஓர் இருக்கை மட்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தது. கிரேபில் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நாடீன் அதில் உட்கார்ந்தாள்.

பாக்கெட்டில் கையைப் போடும் வழக்கம் ஃபேய் கொடுத்தது. இளவயதில் கிரேபில் ஒரு நடுவரிடம் விரலை ஆட்டிச் சண்டை போட்டபோது விரல் பட்டு நடுவரின் தொப்பி கழன்று விழுந்தது. வாரக்கணக்கில் ஆடத் தடை போட்டார்கள். ஃபேய் அவருடைய பேன்ட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலன்னா பின்னாடி போட்டுக்கோ. அதுக்குத்தான் தையக்காரன் அங்க ரெண்டு வச்சிருக்கான்." அன்று உள்ளே போன கைகள். இப்போதும் அவர் நடுவரின் மூக்குக்கு நேராக மூக்கை வைத்து நிற்பார், தாடை ஆடும், கூட்டம் ஆர்ப்பரிக்கும். "என்ன திட்டுறாரு?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பாதி நேரம் அவர் கேட்பது நடுவருடைய தாயாரின் இடுப்பு எலும்பு தேறியதா என்றுதான். மீதி நேரத்தைப் பற்றி நடுவர்கள் வெளியே சொல்வதில்லை.

நாரைகள் பெரிய அணி இல்லை. பெரிய அணிகள் எடுக்காமல் விட்டவர்களும் எடுத்துப் பார்த்துத் தள்ளியவர்களும் கடைசியாக ஒருமுறை ஆடிப் பார்க்க வருகிற இடம். அதனால் மேனேஜரின் முக்கியமான வேலை ஆட்களை அனுப்பிவைப்பது. கிரேபில் அதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார். அனுப்ப வேண்டியவனிடம், "வண்டில ஏறு, சாப்பிடப் போலாம்" என்பார். ஆற்றுப் பாலத்துக்கு அருகில் இருக்கும் கடையில் ஸ்கிராப்பிள் என்கிற பன்றிக்கறிக் கட்டியை வறுத்து வைத்த ரொட்டி வாங்கிக் கொடுப்பார். சேதியை அங்கே ஒரே வாக்கியத்தில் சொல்வார். பிறகு அவனுடைய பையை அவரே தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போவார். பஸ் கண்ணுக்கு மறையும் வரை நிற்பார்.

இதனால் ஒரு வேடிக்கை. மழை கொட்டினாலும் நாரைகள் அணியில் எவனும் மேனேஜரின் வண்டியில் ஏறமாட்டான். "வா, விட்டுடறேன்" என்று கிரேபில் கண்ணாடியை இறக்கினால் போதும், "வேணாம் ஸ்கிப், நடந்தா நல்லது, டாக்டர் சொல்லிருக்காரு" என்று நனைந்துகொண்டே ஓடுவார்கள். வீரர்கள் எல்லோருக்கும் அவர் ஸ்கிப்.

ஒரே ஒருவன் மட்டும் அந்த வண்டியில் பயமில்லாமல் ஏறுவான். ஃபெர்மின் பதியா. சான்டோ டொமிங்கோவிலிருந்து ஆட வந்து, முழங்கால் போய், அவனும் ஒருநாள் அந்த ஸ்கிராப்பிள் ரொட்டியைத் தின்றவன். பஸ் நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் அவன் அழவில்லை, சண்டை போட்டான். "நேத்து ஏழாவது இன்னிங்ஸ்ல நீங்க காட்டின சைகை தப்பு. அவன் ஓடியிருக்கவே கூடாது. ஏன் தப்புன்னு சொல்லட்டுமா?" சொன்னான். சிக்னலில் விளக்கு பச்சையாகியும் கிரேபில் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். "மூணாம் பேஸ் பக்கம் நின்னு சைகை காட்ட எனக்கு ஓர் ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். பதியா அன்றிலிருந்து மூன்றாம் பேஸ் கோச். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஊரில் கிரேபிலைப் 'பெருசு' என்று கூப்பிடும் ஒரே ஆளும் அவன்தான்.

ஜூன் மாதம் ஒரு தவறு நடந்தது.

ஒரே இன்னிங்ஸில் ஒரே பந்துவீச்சாளனிடம் மேனேஜர் ஒருமுறை போய்ப் பேசலாம். மறுமுறை கோட்டைத் தாண்டினால் அவனை வெளியே எடுத்தே ஆக வேண்டும். ஆடத் தொடங்கும் சிறுவனுக்கும் தெரிந்த விதி. அன்றைக்கு எட்டாவது இன்னிங்ஸ். நாரைகள் முன்னிலையில். பந்து வீசிய பையன் நன்றாகவே வீசிக்கொண்டிருந்தான். கிரேபில் ஒருமுறை போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தார். இரண்டு ஆட்டக்காரர்கள் கழித்து மறுபடி பள்ளத்திலிருந்து ஏறினார். நடை சுருங்கியது. இடது கால் கோட்டைத் தாண்டியது. மேட்டுக்குப் போய், மீன் கடிக்கிறதா என்று கேட்டார். கேட்டுவிட்டுத் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

நடுவர் அவரைத் தடுத்தார். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அவருக்கே அது பிடிக்கவில்லை. "வெண்டல், இது ரெண்டாவது. அவன எடுக்கணும்."

மாற்றாக வீச வேலியோரம் யாரும் கையைச் சூடேற்றிக்கொண்டிருக்கவில்லை. சூடேறாத கையோடு ஒருவன் ஓடிவந்தான். அவன் வீசிய பந்தை எதிரணிக்காரன் வேலிக்கு மேலே ஆற்றுப் பக்கம் அடித்துவிட்டான். ஆட்டம் போனது. அன்று மெர்ல் ஷூப் ஒரு வார்த்தையும் கத்தவில்லை. அரங்கத்தைவிட்டு வெளியேறும்போது நாடீனைப் பயமுறுத்தியது அதுதான்.

அதன்பின் ஊரில் பேச்சு வேறானது. அடுத்தது யார்? முடிவெட்டும் கடையில், தேவாலயத்து பியரோகிக் கொழுக்கட்டை விருந்தில், பெட்ரோல் பங்கில், எங்கே போனாலும் அதுதான். அணியின் உரிமையாளர் திருமதி ஹோஸ்டெட்டர், உருளைக்கிழங்கு வறுவல் ஆலை நடத்துகிறவர். அவர் மனதில் இருந்தது கோலி ஸ்ட்ரங்க். வீசும் பந்தை முகமூடி போட்டுக்கொண்டு பிடிக்கும், நாரைகளின் மூத்த கேட்சர், பிரெஸ்லரிலேயே பிறந்தவன், அந்த வருடத்தோடு ஆட்டத்தை நிறுத்தப்போகிறவன். "கோலி நம்ம ஊர்ப் பையன். அவன் மூஞ்சியப் போட்டா வறுவல் பாக்கெட்டு கூட ரெட்டிப்பா விக்கும்" என்று வெளிப்படையாகவே சொன்னார். ஸ்ட்ரங்க்கும் ஒளிக்கவில்லை. நேராகக் கிரேபிலிடம் போய், "எனக்கு ஆசை இருக்கு ஸ்கிப். உங்க முதுகுக்குப் பின்னாடி சொல்லப் புடிக்கல" என்றான். "ஆசை இருக்கட்டும். அது நல்லதுதான்" என்றார் அவர்.

ஜூலையில் ஒரு நாள் கிரேபில் மறுபடி பள்ளத்திலிருந்து ஏறி நடந்தார். அதே இன்னிங்ஸில் ஏற்கெனவே போய் வந்தாயிற்று. நாடீன் இருக்கையை விட்டு எழுந்தாள். நடை சுருங்குகிற நேரம், பள்ளத்திலிருந்து பதியாவின் குரல்.

"பெருசு! லேஸ்!"

கிரேபில் நின்றார். குனிந்து ஷூவைப் பார்த்தார். கோட்டுக்கு இந்தப் பக்கமே ஒரு முழங்காலை ஊன்றி லேஸை அவிழ்த்து, மறுபடி கட்டி, எழுந்து, அதற்காகவே வந்தவரைப் போலத் திரும்பிப் பள்ளத்துக்குள் இறங்கினார்.

"லேஸ் கட்டவா இவ்ளோ தூரம் வந்த? உள்ள பெஞ்சு இல்லியா?" என்றார் ஷூப். கூட்டம் சிரித்தது.

நாடீன் சிரிக்கவில்லை. அப்பா ஷூ லேஸை இரட்டை முடிச்சாகத்தான் போடுவார். அது அவிழாது. ஆட்டம் முடிந்ததும் வண்டிகள் நிற்கும் இடத்தில் பதியாவைப் பிடித்தாள்.

"அவர் லேஸ் அவிழவே இல்ல, ஃபெர்மின்."

"ஆமா, அவிழல."

"எவ்வளவு நாளா இப்படி மறக்கறார்?"

பதியா வண்டியின் கதவைத் திறந்து, மறுபடி மூடினான். "உங்கம்மா ஒரு செவப்புத் துண்டு கழுத்துல போட்டிருப்பாங்களே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. வெயில் காலத்திலும் போட்டிருப்பாள். ஆட்டத்தின் நடுவே கழற்றிக் கம்பித் தடுப்பில் தொங்கவிடுவாள், கொஞ்ச நேரம் கழித்து எடுத்து மறுபடி போட்டுக்கொள்வாள். வயசாகிவிட்டது, வியர்க்கிறது என்று நாடீன் நினைத்திருந்தாள். ராசிக்காகச் செய்கிறாள் என்று ஊர் நினைத்திருந்தது.

"பெருசு மேட்டுக்கு ஒரு தடவ போய்ட்டு வந்தா, துண்டு கம்பிக்கு வரும். இன்னிங்ஸ் முடிஞ்சா கழுத்துக்குப் போகும். அவரு ஏறும்போது திரும்பிப் பாப்பாரு. தொங்கினா போகமாட்டாரு. போன ரெண்டு சீசனா இப்படித்தான். டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் சேந்து போயிருப்பாங்க போல. யாரும் என்கிட்ட சொல்லல. ஆனா சைகை பாக்கறதுதானே என் பொழப்பு."

"அப்போ ஜூன்ல நீ ஏன் தடுக்கல?"

பதியா வண்டிக் கதவில் சாய்ந்தான்.

"நானும் துண்டத்தான் பாத்துப் பழகிட்டேன், நாடீன். எண்ணுறதையே விட்டுட்டேன். அன்னிக்கு அவரு ஏறினாரு, நான் கம்பியப் பாத்தேன். ஒண்ணும் தொங்கல. சரி, முதல் தடவதான்னு விட்டுட்டேன். அவங்க இல்லங்கிறது அப்புறம்தான் உறைச்சுது."

நாடீன் வீட்டுக்குப் போய் அம்மாவின் அலமாரியைத் திறந்தாள். துண்டு மடித்து இருந்தது. முகத்தருகே கொண்டுபோனாள். அப்படியே அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் இல்லாத வீட்டில் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

அடுத்த ஆட்டத்துக்கு அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனாள். கிரேபில் மேட்டுக்கு ஒருமுறை போய்த் திரும்பியதும் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டாள். பள்ளத்தில் இறங்கும்போது அவர் தலை நிமிர்ந்தது. துண்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அந்த ஆட்டம் முடியும் வரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலை சமையலறை மேசையில் இரண்டு பேர். அவர் முட்டைக்கு மிளகுத்தூள் போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தத் துண்ட எடுத்து உள்ள வச்சிடும்மா."

"ஏன்ப்பா? அம்மா போட்டப்போ..."

"உங்கம்மா போட்டது சைகை. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எவ்வளவோ சைகை. அதோட இதுவும் ஒண்ணு, அவ்வளவுதான்." மிளகுப் புட்டியை வைத்தார். "ஒண்ணு கேக்கறேன். முட்டுக் குடுத்து நிக்குது ஒரு பாலம். அதுல நீ லாரிய விடுவியா?"

"தற்காலிகமா முட்டுக் குடுக்கறது உண்டுப்பா."

"அத நான் கேக்கல. லாரிய விடுவியா?"

நாடீன் அவர் முகத்தைப் பார்த்தாள். பாலத்தைப் பற்றிப் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "விடமாட்டேன்."

"அப்போ சரி" என்று முட்டையைச் சாப்பிடத் தொடங்கினார்.

அன்று மாலையே, இந்த சீசனோடு போகிறேன் என்று திருமதி ஹோஸ்டெட்டரிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மா அழுதார். அழுதுவிட்டு வேலைப் பேச்சுக்கு வந்தார். "கோலியா, ஃபெர்மினா? நீங்க கை காட்டுற ஆள்தான், வெண்டல். ஊர் என்ன சொன்னாலும் சரி. வறுவல் விக்கலன்னாலும் சரி."

"சீசன் முடியட்டும்" என்றார்.

அதுதான் எல்லோரையும் வாட்டியது. ஏனென்றால் ஆகஸ்டில் பதியாவுக்கு வடக்கே ஏரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. மேனேஜர் வேலை. கடைசி ஆட்டத்துக்கு மறுநாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அவன் மனைவி பெட்டிகளைக்கூட எடுத்து வெளியே வைத்துவிட்டாள். அவனுக்குப் போக இஷ்டமில்லை. அவன் பெண்கள் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். இந்த மண்ணில் எந்த இடத்தில் பந்து எப்படி எழும்பும் என்று அவன் கால்களுக்குத் தெரியும்.

"நேரா கேளேன் அவர்கிட்ட" என்றாள் நாடீன்.

"கேக்கமாட்டேன்."

"கேட்டா சொல்லிடுவார்."

"அதான் கேக்கமாட்டேன். நான் கை நீட்டி வாங்கறதா? அவருகிட்ட இத்தன வருஷம் இருந்துட்டு?"

அப்பாவிடம் போனாள். கொல்லையில் மீன் தூண்டிலுக்கு நரம்பு மாற்றிக்கொண்டிருந்தார். "ஃபெர்மின் போயிடுவான்ப்பா. ஒரு வார்த்த சொல்லுங்க."

"ஏரிக்கர ஊரா? நல்ல ஊரு. பெரிய மீனாக் கெடைக்கும்."

"அப்பா!"

நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தார். "நான் ஹோஸ்டெட்டரம்மா காதுல சொன்னா, அவன் கிரேபில் வச்ச ஆளாயிடுவான். ஒரு ஆட்டம் தோத்தா, கெழவன் தப்பாச் சொல்லிட்டான்ம்பாங்க. ரெண்டு ஆட்டம் தோத்தா, கெழவனுக்கு அப்பவே புத்தி போயிருச்சும்பாங்க. நான் சொல்றது எதுவும் இனிமே அவனுக்கு உதவாதும்மா. ஜூன்ல ஊரே பாத்துச்சுல்ல."

தூண்டிலைச் சுவரில் சாய்த்தார். அவர் குரலில் வருத்தம் இருக்கிறதா என்று நாடீன் தட்டிப் பார்த்தாள். உறுதியான இரும்பின் சத்தம்தான் வந்தது. தன் மனம் எங்கே உதிர்கிறது என்பதை இந்த மனிதர் ஒரு மேனேஜரின் கண்ணோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்! தன்னைத் தானே வண்டியில் ஏற்றி, ரொட்டி வாங்கிக் கொடுத்து, தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு நடக்கிறார்.

கடைசி ஆட்டத்துக்கு ஊர் முழுவதும் வந்தது. இருக்கை கிடைக்காதவர்கள் வேலியோரம் புல்லில் துணி விரித்து உட்கார்ந்தார்கள். திருமதி ஹோஸ்டெட்டர் நாடீனுக்குப் பக்கத்தில் இருந்தார். துண்டு நாடீனின் மடியில் மடித்து இருந்தது. கழுத்திலும் இல்லை, கம்பியிலும் இல்லை.

ஒன்பதாவது இன்னிங்ஸ். நாரைகள் ஒரே ஓட்டம் முன்னிலையில். பந்து வீசியவன் ஜூன் மாதம் வெளியே எடுக்கப்பட்ட அதே பையன். கை தளர்ந்துவிட்டது. எதிரணியினர் இரண்டு பேஸ்களில் நின்றார்கள். மாற்றியாக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. வேலியோரம் இன்னொருவன் கையைச் சூடேற்றித் தயாராக நின்றான். கிரேபில் பள்ளத்திலிருந்து ஏறினார்.

அரங்கம் எழுந்து நின்றது. அந்த இன்னிங்ஸில் அவர் மேட்டுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. தவறு எதுவும் நடக்க வழியில்லை. போய், மீனைப் பற்றிக் கேட்டு, பந்தை வாங்கிக்கொண்டு, இத்தனை வருடத்தின் கைதட்டலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். ஷூப் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தார். திட்டுவதற்காக வாயைத் திறந்தார். வரவில்லை.

கோட்டுக்கு முன்னால் நடை சுருங்கியது. இடது கால் எழவில்லை.

கிரேபில் நின்றார். கோட்டைப் பார்த்தார். பிறகு மெல்ல ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றினார்.

கைதட்டல் பாதியில் நின்றது. "ஐயோ, என்ன ஆச்சு?" என்று திருமதி ஹோஸ்டெட்டர் நாடீனின் கையைப் பிடித்தார். "யாராவது போய்ப் புடிங்கய்யா!" என்று ஷூப் அலறினார். பதியா பள்ளத்திலிருந்து ஓடி வந்தான். சத்தமில்லாத அரங்கத்தில் முதல் வரிசைக்கு இரண்டு பேர் பேசியதும் கேட்டது.

"பெருசு, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. லேஸ் அவிழ்ந்திருச்சு."

பதியா குனிந்து பார்த்தான். இரட்டை முடிச்சு, இறுக்கமாக.

"எனக்கு நேரமாகும். நீ போய்ட்டு வா" என்றார் கிரேபில்.

பதியா நிமிர்ந்தான். கைகளை எங்கே வைப்பதென்று ஒரு கணம் தெரியவில்லை அவனுக்கு. பிறகு இரண்டையும் பின்பாக்கெட்டுகளில் செருகினான். கோட்டை மிதிக்காமல் தாண்டினான். மேட்டில் முகமூடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு கோலி ஸ்ட்ரங்க் பார்த்துக்கொண்டிருந்தான். வருகிறவனையும், கோட்டருகே மண்டியிட்டிருந்தவரையும் பார்த்தான். பார்த்துவிட்டு, பந்து வீசிய பையனுக்குப் பக்கத்தில் ஓரடி விலகி, பதியா நிற்க இடம் விட்டான். பதியா போய் நின்றான். என்னவோ கேட்டான். பையன் சிரித்தான். பதியா கை நீட்டவில்லை. ஊரே நின்றுகொண்டு காத்திருந்தது.

"சரி, புரிஞ்சுது" என்றார் திருமதி ஹோஸ்டெட்டர், யாரிடமும் சொல்லாமல்.

"லேஸ் கட்டறானாம் லேஸ்" என்றார் ஷூப். மூக்கைச் சிந்தினார்.

பையன் பந்தை நீட்டினான். பதியா வாங்கிக்கொண்டான். கைதட்டல் மேட்டிலிருந்து வேலி வரை போய்த் திரும்பி வந்தது.

கிரேபில் தலை நிமிரவில்லை. அவிழாத முடிச்சை விரல் நகத்தால் நெருடி அவிழ்த்து, லேஸின் இரண்டு நுனிகளையும் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் கட்டத் தொடங்கினார்.